ஒத்துக்கிறோம், சொல்லு

விடிந்ததிலிருந்து வானத்திலிருந்து கரி விழுந்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில், வெட்டுக்கு முன்னால் சோகையை எரிப்பதற்காகத் தோட்டத்துக்காரர்கள் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள். கறுப்புச் சுருள்களாய் அது மலை ஏறி வந்து, கயிற்றில் காய்ந்த வெள்ளைத் துணிமேலும், திறந்து கிடந்த களிப்பானைமேலும், ஷேஸி வீட்டு முற்றத்தில் கூடியிருந்த சனத்தின் தலைமேலும் உட்கார்ந்தது.

"இந்தக் கரும்புக்காரனுகளுக்கு இன்னிக்குத்தானா நாள் கிடைச்சுது?" என்று யாரோ ஒருத்தி கத்துவது குடிசைக்குள் இருந்த மாங்குபானேவுக்குக் கேட்டது. "வெள்ளாட்டுக் கறிக்கு உப்புப் போடறதா, கரி போடறதான்னு தெரியலையே!"

மாங்குபானே சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது. முழங்கால் போட்டு, தலை குனிந்து, கவைக்குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துப்போல உருட்டிக்கொண்டிருந்தாள். சட்டியிலிருக்கும் வேர்த்தண்ணீர் நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்ட வேண்டும். தாண்டினால் முன்னோர்கள் வந்துவிட்டார்கள்.

"பாட்டி, கை கடுக்குது."

"நுரை எது வரைக்கும் வந்திருக்கு?"

"பாதிச் சட்டி."

"அப்ப அவங்க இடுப்பு வரைக்கும்தான் வந்திருக்காங்க. காலும் வரட்டும். உருட்டு, பொண்ணே."

பாட்டிக்கு வயது இருபத்தெட்டு. பெயர் ஸ்லின்டிலே. முன்பல்லில் ஒரு சந்து உண்டு. நோய் வந்து இந்த வழிக்குத் திரும்பும்வரை டவுனில் ஒரு பெரிய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். ஆனால் குறி சொல்லி மருந்து கொடுப்பவர் யாராயிருந்தாலும், ஆணோ பெண்ணோ, வயது என்னவோ, கூப்பிடுவது 'பாட்டி' என்றுதான். உள்ளே பேசுவது அவர்கள் இல்லையே, முன்னோர்கள் அல்லவா. அந்த முறைப்படி ஐம்பத்து நான்கு வயது மாங்குபானே இவளுக்குப் 'பொண்ணு'. பதினான்கு மாதமாக இவள் முன்னால் முழங்காலில்தான் நடக்கிறாள்.

இன்றைக்கு அது முடிய வேண்டும். முடியுமா என்பதுதான் கேள்வி.

புகுந்த வீட்டுக்காரர்கள் ஒரு பொருளை ஒளித்து வைப்பார்கள். என்ன பொருள், எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று பாட்டு பாடுவார்கள். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அது என்ன என்று சொல்லி, இருக்கும் இடத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்தால் இந்த முற்றத்திலிருந்து எழுந்து காலால் நடக்கலாம், வைத்தியக்காரி. எடுக்காவிட்டால் மறுபடியும் ஆற்று வளைவிலுள்ள பாட்டி வீட்டுக்கு. இன்னொரு வருஷம் முழங்காலில்.

இன்னொரு வருஷமா? வீட்டுக்காரர் பெகானி பதினான்கு மாதமாகத் தானே களி கிண்டித் தானே தின்கிறார். மகள் சிண்டி பெற்ற குழந்தையை இவள் இன்னும் மடியில் வைக்கவில்லை. பயிற்சியில் இருப்பவள் பச்சைப்பிள்ளையைத் தொடக் கூடாது. நேற்று மத்தியானம் வந்து இறங்கியபோது அந்தக் குழந்தை இவள் தலையிலிருந்த செம்மண் பூச்சைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நுரை விளிம்பில் வந்து நின்று நடுங்கியது.

வெளியே பெகானியின் குரல் எழுந்தது. முப்பது வருஷம் கரும்பு டிராக்டர்மேல் உட்கார்ந்து கீழே நிற்பவர்களோடு பேசிப் பழகிய குரல். ரகசியம் பேசினாலும் பக்கத்து மலைக்குக் கேட்கும்.

"யாரு ஒளிக்கப் போறாங்கன்னு கேக்கறேன்! நானே ஒளிச்சா என்ன?"

"நீ ஒளிச்சா கண்ணாலேயே காட்டிக் கொடுத்துருவ, போடா," என்றது ஒரு பெண்குரல். மதினி தொலகெலே. பெகானியின் அக்கா, அறுபத்தொரு வயது. "அந்தப் பெரிய மனுஷி, அதான் பாலு குடி மறக்காத உங்க பாட்டி, என்ன சொல்லிச்சாம்? நம்பாதவங்க கையால ஒளிச்சாத்தான் ஊரு நம்பும்னு சொல்லிச்சாம். இந்த வீட்டுலேயே இதையெல்லாம் நம்பாதவ யாரு? நான்தானே. குடு இங்க."

சனம் சிரித்தது. மாங்குபானேவின் கை நின்றது.

"யாரு அது?" என்றாள் ஸ்லின்டிலே.

"என் நாத்தனார், பாட்டி. சர்ச்சுல மாதர் சங்கத் தலைவி. வியாழக்கிழமை தவறாம சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. இன்னிக்குச் சனிக்கிழமை, இன்னிக்கும் அதையே போட்டுட்டு வந்திருக்கா. பிசாசுக்கு எதிரா."

"நல்லதாப் போச்சு. உன் மேல பாசமா?"

"சுண்டைக்காய் அளவு இருக்கும்."

"அது போதும். உருட்டு."

மாங்குபானேவுக்கு ஒன்பது வயதில் முதல் கனவு வந்தது. ஆற்றுக்கு அடியில் ஒருத்தி உட்கார்ந்து இவளுக்குத் தலை பின்னுகிறாள். எழுந்தபோது தலை உண்மையாகவே ஈரமாக இருந்தது. அம்மா சர்ச்சுக்குக் கூட்டிப்போனாள். மூன்று ஞாயிறு தண்ணீர் ஊற்றினார்கள். கனவு நின்றது, தலைவலி வந்தது. கலியாணம் ஆனது. "மாங்குபானே" என்று பிறந்த வீட்டுப் பெயரால் இந்த வீடு கூப்பிட ஆரம்பித்தது. கரும்புக்குக் களை வெட்டினாள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் விரிப்பு வெளுத்தாள். ஆள் உயர மெஷின்கள் இரைகிற கூடம் அது. அங்கேதான் கை பேச ஆரம்பித்தது. விரிப்பை மடிக்கும்போது சிலது சூடாக இருக்கும், காய்ந்த சூடு இல்லை. "ஆறாவது வார்டு ஜன்னல் பக்கத்துப் பெரியவருக்குக் காலுல இல்ல, வயித்துல பாருங்க" என்று ஒருநாள் நர்ஸிடம் சொல்லிவிட்டாள். நர்ஸ் சிரித்தாள். மறுவாரம் அதே நர்ஸ் சிரிக்காமல் தானே சலவைக்கூடத்துக்கு வந்து, கதவோரம் நின்று, "வயித்துலதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் சொன்னால் பெகானிக்கு ஒரே பதில். "முடியாது. என் முற்றத்துல மேளம் கொட்டக் கூடாது." எத்தனை முறை கேட்டாளோ அத்தனை முறை அதே "முடியாது", அதே டிராக்டர்க் குரல். ஐம்பத்திரண்டாவது வயதில் அவள் விழ ஆரம்பித்தாள். அடுப்படியில், பேருந்து நிற்கிற இடத்தில், சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் மூன்று மாதம் எழுந்திருக்கவேயில்லை. ஒருநாள் காலையில் பெகானி படுக்கையோரம் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உன் கனவுல ஒரு வீடு வருதுன்னியே, அது எப்படி இருக்கும்?"

"ஆத்து வளைவு. நீலக் கதவு. பல்லுல சந்துள்ள ஒருத்தி எதையோ மென்னுகிட்டு நிப்பா."

அடுத்த வீட்டு வேனை வாங்கி, இவளைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரமாகவே ஓட்டினார். நீலக் கதவைக் கண்ட இடத்தில் எல்லாம் இறங்கித் தட்டினார். ஒரு நீலக் கதவில் நாய் கடித்தது. ஏழாவது நீலக் கதவைத் திறந்தவள் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, வாயில் சூயிங்கம் மென்றுகொண்டு நின்றாள்.

"இந்தப் புள்ளையா? எங்க சிண்டிய விடச் சின்னவ!" என்றார் பெகானி.

ஸ்லின்டிலே அவரைப் பார்க்கவேயில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வாரமா ஒரு பெரியம்மா என் கனவுல வெள்ளை விரிப்பா மடிச்சு மடிச்சு அடுக்குது. வீடே நிறைஞ்சு போச்சு, படுக்க எடமில்ல. நீங்கதானா அது? இறங்கி வாங்க."

மாங்குபானே, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தன் காலால் இறங்கினாள்.

இப்போது நுரை பொங்கியது. விளிம்பைத் தாண்டி, வெள்ளையாய், சட்டியின் நாலு பக்கமும் வழிந்தது. ஸ்லின்டிலே கைதட்டி எழுந்தாள். "வந்துட்டாங்க! காலு, செருப்பு எல்லாத்தோடயும் வந்துட்டாங்க! நக்கு, முகத்துல பூசு. போலாம்!"

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வடமேற்கிலிருந்து சூடான காற்று. மழைக்கு முந்தின அந்தக் காற்று வந்தால் மாடும் மனுஷனும் காரணமில்லாமல் துள்ளுவார்கள். மார்பில் குறுக்காகக் கட்டிய வெள்ளாட்டுத் தோல் பட்டைகள் இழுக்க, கணுக்காலில் காய்ச் சலங்கைகள் சலசலக்க, மாங்குபானே முழங்காலில் முற்றத்துக்குள் வந்தாள். ஆண்கள் தொழுவத்துப் பக்கம், பெண்கள் பாயில். நடுவில் மூன்று மேளம்.

பாயின் முன்வரிசையில் தொலகெலே மதினி. சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், வெள்ளைத் தொப்பி. தொப்பிமேல் ஒரு கரிச் சுருள்.

நேற்றும் இந்த மதினிதான் இவளுக்கு வாய்த்தாள். வந்து இறங்கியவளுக்குச் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்குகிற வேலை. எதிரே மதினி.

"ஏன் மாங்குபானே, அந்தச் சின்னப் பொண்ணை நிஜமாவே பாட்டின்னு கூப்பிடறியா?"

"ஆமா மதினி."

"வெக்கமா இல்ல?"

"முதல் வாரம் இருந்துச்சு. அப்புறம் முழங்கால் வலியில வெக்கம் மறந்து போச்சு."

"நாளைக்கு நீயும் பாட்டி ஆயிருவ. ஊரே உன்னைப் பாட்டிம்பாங்க. நான் சொல்லிட்டேன் கேட்டுக்க, எனக்கு உசுரே போனாலும் உன்னை நான் பாட்டின்னு கூப்பிட மாட்டேன். என் தம்பி பொண்டாட்டி நீ. நான் வாங்கிக் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்தவ."

"வேண்டாம் மதினி. மாங்குபானேன்னே கூப்பிடுங்க."

"கறிக்குத்தான் வந்தேன் நான். தெரிஞ்சுக்க."

பூசணி கல்லுப்போல இருந்தது. மதினி கத்தியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்து, "இந்தா, நீயே பொள" என்று தள்ளிவிட்டாள். அவள் அறுத்த துண்டுகள் கோணலும் மாணலுமாக இருந்தன. மாங்குபானே அதைப் பார்த்தாள், ஒன்றும் நினைக்கவில்லை. அல்லது நினைத்தது என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மேளம் தொடங்கியது.

முதல் பாட்டு. ஸ்லின்டிலேயின் கூட்டத்துப் பெண்கள் நால்வர் பாட, முற்றம் கைதட்ட, மாங்குபானேவின் தோள்கள் தானாகக் குலுங்கின. ஏப்பம் வந்தது, கண்ணில் நீர் வந்தது, குரல் அடித்தொண்டையிலிருந்து கிளம்பியது.

"ஒளிச்சீங்க!"

"ஒத்துக்கிறோம், சொல்லு!" முற்றம் முழுவதும் ஒரே வாயாய்.

அதுதான் முறை. தேடுகிறவள் சொல்லச் சொல்ல ஊர் "ஒத்துக்கிறோம்" என்று பதில் சொல்லும். அந்தப் பதிலின்மேல் ஏறித்தான் அடுத்த சொல்லுக்குப் போக முடியும்.

"இரும்பு இல்ல!"

"ஒத்துக்கிறோம், சொல்லு!"

"திங்கறதும் இல்ல! கோத்தது, நூல்ல கோத்தது!"

"ஒத்துக்கிறோம், சொல்லு!"

"கண்ணுக்குக் குளிர்ச்சி! பாலு நிறம்! கழுத்துல கட்டறது... வெள்ளைப் பாசிமணி!"

முற்றம் வெடித்தது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். சிண்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். மேளம் அடிப்பவள் எழுந்து நின்று அடித்தாள். "பாதி ஆச்சு! பாதி ஆச்சு!" என்று யாரோ ஒரு கிழவர் தன் தடியைத் தூக்கி ஆட்டினார். பெகானியின் முகம் பழுத்த மாம்பழமாகிவிட்டது. இரண்டு பக்கத்து ஆட்களின் முதுகிலும் அறைந்தார். "என் பொண்டாட்டிய்யா! பாத்தியா? என் பொண்டாட்டி!"

இரண்டாவது பாட்டு.

"வீட்டுக்குள்ள இல்ல!"

"ஒத்துக்கிறோம், சொல்லு!"

"வெளிய, வெளிச்சத்துல... தெற்கே..."

"ஒத்துக்கிறோம்." லேசாக வந்தது.

"கிழக்கே..."

"ஒத்துக்கிறோம்!! சொல்லு சொல்லு!!"

பெகானி. மற்ற எல்லார் குரலுக்கும் மேலே, டிராக்டர் மேட்டில் ஏறுவதுபோல. மாங்குபானேவின் முழங்கால் கிழக்கே திரும்பியது.

"கல்லு... கல்லு அடுக்கினது..."

"ஒத்துக்கிறோம்!! அப்படிப் போடு!!"

"தொழுவம்!"

"ஒத்துக்கிறோம்ம்ம்!!"

அவள் ஓடினாள். முழங்காலில் அப்படி ஓடலாம் என்று அவளுக்கே தெரியாது. தொழுவத்துக் கற்சுவரை அடைந்தாள். வாசல் பக்கம் இடது ஓரம் வந்தபோது பெகானியின் குரல் உச்சத்துக்குப் போனது. கல்லைப் புரட்டினாள். சாணிப் பொடி. அடுத்த கல். ஒரு பல்லி. அடுத்தது. நகம் பிய்ந்தது. சந்துகளுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கல், மண், காய்ந்த புல்.

பாட்டு முடிந்தது. கை வெறுமையாக இருந்தது.

முற்றத்தில் ஒரு நீண்ட மூச்சு விழுந்தது. அந்த அமைதியில் பெகானி முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பு எல்லாருக்கும் கேட்டது.

"அங்கதானய்யா வெச்சா... என் கண்ணால பாத்தேனே..."

ஸ்லின்டிலே சுழன்று திரும்பினாள். "யாரது?"

பெகானி தொப்பியைக் கழற்றினார்.

"எங்கருந்து பாத்தீங்க?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாலருந்து... பாட்டி." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததற்கே நாலு பேர் சிரித்தார்கள். "அக்கா தொழுவத்துச் சந்துல கைய விட்டா. நான் பாத்தேன். சத்தியம். உதவியா இருக்குமேன்னு..."

"உதவி! வெவரங்கெட்ட மனுஷா! பதினாலு மாசம் நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு நிமிஷத்துல அழிச்சிட்டீங்களே! அந்தம்மா காது கேக்கற பக்கம் போச்சு, கை சொல்ற பக்கம் போகல!"

"கைய விட்டேன், எடுத்தேன்," என்றாள் தொலகெலே மதினி, பாயில் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல். "தொட்டிக்குப் பின்னால இவன் வயிறு தெரிஞ்சுது. அதான் எடம் மாத்திட்டேன்."

சிரிப்பு அலையாய் எழுந்து, மாங்குபானேவைப் பார்த்ததும் அடங்கியது. அவள் தொழுவத்துச் சுவரோரம் தலை குனிந்து கிடந்தாள். ஒரு பாட்டு பாக்கி. ஒரு பாட்டு, இல்லையென்றால் ஒரு வருஷம்.

மெல்ல முழங்காலில் நடுவுக்கு வந்தாள். பெகானி நின்ற இடத்துக்கு முன்னால் நின்றாள். தலையைத் தூக்காமலே பேசினாள். குரல் அவளுடைய வீட்டுக் குரல், களி வெந்ததா என்று கேட்கிற குரல்.

"சிண்டி அப்பா."

"என்ன புள்ள."

"முப்பது வருஷம் முடியாது முடியாதுன்னு கத்துனீங்க. இன்னிக்கு ஒத்துக்கிறோம் ஒத்துக்கிறோம்னு கத்தறீங்க. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் வாய மூடறீங்களா?"

பெகானி தொப்பியை எடுத்துத் தன் வாயின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"அவரு மட்டும் இல்ல," என்றாள் மாங்குபானே. "பாட்டி, எல்லாரையும் பதில் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. மேளம் மட்டும் போதும்."

ஸ்லின்டிலே பக்கத்தில் குனிந்தாள். முதல் முறையாக அவள் குரலில் இருபத்தெட்டு வயது தெரிந்தது. "அம்மா, பதில் இல்லாம யாரும் தேடினதில்ல. எனக்கே அப்படி வராது."

"நான் மெஷின் இரைச்சல்லயே இருந்தவ, பாட்டி. இரைச்சல் எனக்கு இடைஞ்சல் இல்ல. மனுஷக் குரல்தான் இடைஞ்சல்."

ஸ்லின்டிலே நிமிர்ந்து மேளக்காரிகளுக்குக் கையைக் காட்டினாள்.

மூன்றாவது பாட்டுக்கு வார்த்தை இல்லை. தோல்மேல் விழுகிற அடி மட்டும். கண்ணை மூடினால் சலவைக்கூடம். ஆள் உயர மெஷின்கள் சுற்றுகின்றன. ஈர விரிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றாய் இவள் மடிக்கிறாள். இது குளிர்ச்சி. இது குளிர்ச்சி. இது வெறும் காய்ச்சல். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு சனத்தின் முன்னால் போனாள். ஆண்கள் வரிசை, ஒவ்வொரு முழங்காலாய். குளிர்ச்சி. சிண்டி, மடியில் குழந்தை. இவள் கை அங்கே ஒரு நொடி தயங்கிக் கடந்தது. பெண்கள் பாய். அதுவரைக்கும் ஒரு துணியிலும் சூடு இல்லை. மேளம் வேகம் எடுத்தது. வேகம் எடுத்தால் முடிவு நெருங்குகிறது.

அப்போது அவள் இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கீழே, சுருக்கென்றது.

கூடவே பூசணிக்காய் வந்தது. கோணல் மாணலான துண்டுகள். மதினி இடக்கைக்காரி. முப்பத்திரண்டு வருஷமாய் இடக்கையால் பூசணி அறுக்கிறவள், இடக்கையால் இவள் சமையலைத் தள்ளிவிட்டவள். நேற்று அவள் அறுத்தது வலக்கையால். சற்றுமுன் முதல் பாட்டுக்கு இந்தப் பாயில் எல்லாரும் தலைக்குமேல் கைதட்டினார்களே, அப்போது மதினியின் இடது முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது.

கை கண்டதா, கண் கண்டதா, ஆற்றடியில் தலை பின்னுகிறவள் கண்டதா என்று மாங்குபானேவுக்கு அன்றைக்கும் தெரியாது, பின்னாலும் தெரியாது. அவள் உடம்பு சிவப்புச் சட்டைக்கு முன்னால் போய் நின்றது. உள்ளங்கைகள் சூடேறிக் கொதித்தன.

குனிந்து, தொப்பியின் ஓரத்தில், ஒருவருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"மதினி, பாசிமணி உங்க சட்டைக்குள்ள இருக்கு. இடது பக்கம். வலிக்கிற இடத்து மேலேயே வெச்சிருக்கீங்க."

தொலகெலே மதினி வலக்கையைக் காலருக்குள் விட்டாள். வெள்ளைப் பாசிமணி வெளியே வந்தது, உடம்புச் சூட்டோடு. அதை மாங்குபானேவின் நீட்டிய கையில் வைத்தாள்.

மேளம் கடைசி அடி அடித்தது.

அப்புறம் முற்றத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. "மக்கோசி! மக்கோசி!" என்று வைத்தியக்காரிக்குரிய வணக்கம் நூறு வாயிலிருந்து. ஸ்லின்டிலே அழுதுகொண்டே சிரித்து, மாங்குபானேவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினாள். "எழுந்திரு! எழுந்திருங்கம்மா! காலு இருக்குல்ல, நில்லுங்க!" பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் சனத்துக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். மற்றவர்கள் முகம் இவ்வளவு கீழே இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. சிண்டி குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். செம்மண் தலையைக் குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

பெகானி இன்னும் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கண்கள் மட்டும் பொங்கி வழிந்தன.

"எடுத்துருங்க, சிண்டி அப்பா. இப்பக் கத்தலாம்."

அவர் கத்திய கத்தலில் தொழுவத்து மாடுகள் வாசலுக்கு ஓடின.

"எங்கடி இருந்துச்சு? அக்காகிட்ட எங்க இருந்துச்சு?"

"இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு. போய்க் கறிய எறக்குங்க, அடிப்பிடிக்குது."

கறி, பூசணி, புளித்த பால் ஊற்றிய களி, சட்டி சட்டியாய்ச் சோளக்கள். ஆட்டமும் பாட்டும் மலைச்சரிவு வரை நிறைந்திருந்தபோது மாங்குபானே குடிசைக்குப் பின்னால் போனாள். எதிர்பார்த்த மாதிரியே மதினி அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். தொப்பி மடியில் இருந்தது.

"எத்தனை மாசமா, மதினி?"

"ஈஸ்டருக்கு முன்னாலருந்து. மொதல்ல பட்டாணி மாதிரி. இப்ப..." விரலால் ஒரு வட்டம் காட்டினாள். கோழிமுட்டையை விடக் கொஞ்சம்தான் சிறியது.

"யாருக்கும் சொல்லலையா?"

"யாருக்குச் சொல்ல? ஜெபம் பண்ணுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். எனக்குன்னு வந்தா பயந்துட்டேன்னா சொல்றது?" மூக்கைச் சிந்தினாள். "கர்த்தர்கிட்ட ஒரு பேச்சு வெச்சேன். இந்தக் கிறுக்கி இதைக் கண்டுபிடிச்சா டாக்டர்கிட்டப் போறேன், இல்லன்னா போகல. நீ கண்டுபிடிக்க மாட்டன்னு நெனைச்சுத்தான் வெச்சேன். அப்புறம் பாரு, அந்த மடையன் உன்னைத் தொழுவத்துக்குக் கூட்டிட்டுப் போறான், நீ கல்லைப் பொரட்டற, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அங்க இல்லடி, இங்கடி, இங்க வாடின்னு. வாயைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மாங்குபானே பக்கத்தில் உட்கார்ந்தாள். மதினியின் தொப்பிமேல் விழுந்த கரியைத் தட்டிவிட்டாள்.

"வேரு ஏதாச்சும் குடுப்பியா?"

"இதுக்கு எங்கிட்ட வேரு இல்ல, மதினி. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வரேன். பயத்துக்கு வேரு இருக்கு. அதைக் காய்ச்சித் தரேன், ரெண்டு நாளும் தூங்குங்க."

"கசக்குமா?"

"உங்க வாயை விடக் கம்மியாத்தான்."

மதினி அவள் தொடையில் ஓங்கி அடித்தாள். வலக்கையால்.

திங்கட்கிழமை பெகானி வேனை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது மணி ஏழு. வரிசை கேட்டைத் தாண்டியிருந்தது. மாங்குபானே தலையில் பாசிமணிகளும் மார்பில் தோல் பட்டையுமாக இறங்கியதைப் பார்த்துச் சலவைக்கூடத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "மக்கோசி! ஏய், நம்ம மாங்குபானேடி! விரிப்பு மடிச்சவ!" கைகொடுப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டும் செய்தார்கள். தொலகெலே மதினி சிவப்புச் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மாங்குபானேவின் விரல்களை விடவில்லை.

பதினொன்றரைக்கு நர்ஸ் அட்டையோடு வந்தாள். "தொலகெலே ஷேஸி? உள்ள வாங்கம்மா. துணைக்கு ஒருத்தர்தான் வரலாம். கூட வந்திருக்கறது யாரு, தங்கச்சியா?"

மதினி எழுந்து நின்றாள். வெள்ளைத் தொப்பியைச் சரி செய்தாள். அறுபத்தொரு வயதுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி இல்ல," என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "என் பாட்டி."